மனை என்று கேட்டோம்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் திண்டிவனத்தில் இப்போது ஒரு பேச்சு வேரூன்றி வருகிறது. எங்கள் தமிழ்க் கழகத்தார் தாம் கூடிவந்த பழைய வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் செஞ்சிச் சாலையில் நிலம் வாங்கிக்கொண்டனர் என்பது அப்பேச்சு. பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்: “பெருசுங்க செம உஷாருப்பா. ஓட்ட வீட்ட தள்ளிவுட்டுட்டு பிளாட்டு வாங்கினு போயிட்டாங்க.” அருகில் இருந்தவர்கள் சிரித்தனர். நான் குவளையை வைத்துவிட்டு வெளியேறினேன்.

தனித்தனியே பார்த்தால் அவர் சொன்னதில் பொய் இல்லை. வீடு போயிற்று; நிலம் வந்தது. ஆனால் அவ்வாறு நிகழவில்லை. மறுத்துரைக்க வேண்டிய எங்கள் தலைவர் இப்போது எதையும் மறுக்கும் நிலையில் இல்லை. பொருளாளர் எதைச் சொன்னாலும் நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்வர். எஞ்சியவன் நான். எழுதுவதால் ஒரு செங்கல்லும் திரும்பி வாராது என்று அறிந்தே எழுதுகிறேன்.

அவ்வீடு திண்டிவனம் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கிழக்கு நோக்கி நின்றது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த சமண வணிகர் ஒருவர், நிலக்கடலை மண்டி வைத்துப் பொருளீட்டிய நாளில் கட்டியது. முகப்பு குறுகியது, உள்ளே போகப் போக நீண்டு, பின்வாயில் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் முற்றம். அதைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள். கதவுகளுக்கு மேலே அரைவட்டமாய்ச் சிவப்பும் பச்சையுமான கண்ணாடிகள். மாடிப்படி செங்குத்தானது, ஏறுவோர் முழங்காலைக் கையால் ஊன்றித்தான் ஏறுவர். மேல் அறையில் ஒருகாலத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தனராம். நாங்கள் அதை நூலகமாக்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், மழைநாளில் கதவைத் திறந்தால் காகிதத்தின் மணத்துக்கு முன் கடலையின் மணமே வரும். “எந்த புக்க தொறந்தாலும் மல்லாட்ட வாசனதான் அடிக்குது” என்பார் பொருளாளர்.

கட்டியவரின் மகன் தமிழில் பற்றுடையவர். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது திறவுகோலை எங்கள் கழகத்திடம் கொடுத்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ச்சொல்தான். அவர் விதித்தது ஒரே கட்டளை: கதிரவன் மறைந்த பின் அவ்வீட்டில் எவரும் உண்ணலாகாது. அது அவர்களுடைய நெறி. அவர் மறைந்த பின்னும் நாங்கள் அதை மீறியதில்லை. காரிக்கிழமை, அதாவது ஊரார் வழக்கில் சனிக்கிழமை, பிற்பகலில் கூட்டம் தொடங்கும். இருட்டுவதற்குள் வடையும் தேநீரும் முடிந்துவிட வேண்டும். மேகம் மூடிய நாள்களில், கதிரவன் மறைந்துவிட்டானா இல்லையா என்று பார்த்துவர ஒருவர் தெருவுக்குப் போவார். அவர் திரும்பும்வரை எல்லாரும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பர். பொருளாளர் கிறித்தவர், அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். “எங்க சாமியாரு கூட இவ்ளோ கெடுபிடி பண்ணமாட்டாரு தலைவரே. ஜல்தியா துன்னுங்க, சூரியன் பொட்டிய கட்டறான்” என்று அவர் விரட்டுவார்.

நான் விழுப்புரத்தில் கல்லூரித் தமிழாசிரியனாக இருந்தவன். வாரந்தோறும் தொடர்வண்டியில் வருவேன். ஒரு பழைய நூலை எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு ஒரு பாடல், சில வேளை ஓர் அடி என்று படிப்போம். ஒரு நூலை முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். முடிக்கும்போது தொடங்கியவர்களில் சிலர் இரார். தொடக்கத்தில் முற்றம் நிறைந்திருந்தது. பின்னர்த் தூண்களுக்கு இடையே அமர்ந்தாலே போதுமாயிற்று. கடைசி ஆண்டுகளில் ஒரு பாயில் அடங்கினோம்.

தலைவரின் முழுவாழ்வும் அந்த வாரக்கூட்டந்தான். அடுத்த தெருவில் மகள் வீட்டில் இருந்தார். அங்கே அவருக்கு ஒரு கட்டிலும் ஒரு தட்டும் உண்டு. முழங்கால் தேய்ந்துபோன பின், அவரால் தாமாக நடந்து வரக்கூடிய ஒரே இடம் கழகந்தான். கைத்தடியோடு மெல்ல வருவார். முற்றத்துத் தூணில் சாய்ந்து அமர்வார். அமர்ந்த பின் அவர் முதியவர் அல்லர். “இது போயிற்றென்றால் எனக்குப் போக வேறிடம் இல்லை” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை, தொலைவைக் கணக்கிட்டுப் பார்த்தவர்போலச் சொன்னார்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

அவ்வீட்டைத் தெருவில் உள்ளோர் ‘மண்டிக்காரர் பங்களா’ என்பர். சிலர் ‘சங்க ஆபீசு’ என்பர். தலைவருக்கு இரண்டும் பொறுக்கவில்லை. என்ன பெயரால் அழைப்பது என்பதற்கே மூன்று நான்கு கூட்டங்கள் சென்றன. ‘வீடு’ ஆகாது என்றார். வீடு என்பது விடுதலை, உலகை விட்டுப் போவோர் சேரும் இடம். ‘இல்லம்’ குடும்பத்தார்க்கு உரியது; அன்றியும் இல்லை என்பதன் ஒலி அதில் கேட்கிறது. ‘மனை’ என்பதே தக்கது. மன்னுதல் என்றால் நிலைபெறுதல். நிலைபெற்று வாழும் இடம் மனை. நான் அதை வழிமொழிந்தேன். இன்றும் வழிமொழிவேன்.

பொருளாளர் மட்டும் தலையைச் சொறிந்தார். “தலைவரே, மனைன்னு போர்டு மாட்டினா ரியல் எஸ்டேட்காரன் வந்து நிப்பான்.”

“நிற்கட்டும். ஒரு பாடல் கேட்டுவிட்டுப் போகட்டும்.”

“பாட்ட கேட்டுட்டு சென்டு இன்னா ரேட்டுன்னு கேப்பான்.”

“வணிகர்கள் ஒரு சொல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்பதற்காக நாம் அதைக் குப்பையில் எறிவதா?” என்றார் தலைவர். அத்தோடு முடிந்தது. பெயர்ப்பலகை ஏறியது. உண்மையாகவே ஒருநாள் தோற்பை மாட்டிய ஒருவர் உள்ளே வந்து, “இங்க பிளாட்டு சேல்ஸ் பண்றாங்களா சார்?” என்று கேட்டார். பொருளாளர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு கூட்டத்தையே கலைத்துவிட்டது. தலைவர் வந்தவருக்குச் சொல்லின் வேரை விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டு, வடையும் தின்றுவிட்டுப் போனார்.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன் அத்தெருவில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. அளவுநாடாவோடு ஆள்கள் வந்தனர். எங்கள் வாயிலுக்கு எதிரேயும் நின்று அண்ணாந்து பார்த்தனர். வீட்டுக்கு உரியவர் இப்போது திறவுகோல் கொடுத்த பெரியவரின் பேரன். சென்னையில் இருக்கிறார், திண்டிவனத்தைச் சுற்றி விளைநிலங்களை வாங்கிப் பிரித்து விற்பது அவர் தொழில். அவர் வரப்போகிறார் என்று தெரிந்தபின் தலைவர் பாடலில் மனம் ஊன்றவில்லை. படித்த அடியையே மீண்டும் படித்தார்.

பேரன் வந்த நாளில் பொருளாளர் இல்லை. அவருடைய மனைவிக்குக் கண்ணில் அறுவை. முண்டியம்பாக்கத்தில் மருத்துவமனையில் உடனிருந்தார். ஆகவே தலைவரும் நானுமே அவரை எதிர்கொண்டோம்.

நல்ல பண்புடைய இளைஞர். வாயிலிலேயே செருப்பைக் கழற்றினார். பாயில் எங்களோடு அமர்ந்தார். இருட்டுவதற்குள் உண்ணும் நெறியைத் தாமும் விடவில்லை என்றார். பிறகு, “தாத்தா வாக்கு குடுத்துட்டாரு. அத நான் மீற மாட்டேனுங்க. ஆனா இப்டியே எவ்ளோ நாளிக்கு ஓட்றது? கழகத்துக்குன்னு நிரந்தரமா எதனா செஞ்சிடணும்னு நெனக்கறேன். என்ன வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க ஐயா” என்றார்.

தலைவர் நிமிர்ந்து அமர்ந்து சொன்னார். பல நாள் ஒத்திகை பார்த்த தொடர் அது என்று எனக்குத் தெரியும்.

“தம்பி, எங்களுக்கு வேண்டியது மனை. மனை ஒன்று கழகத்தின் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டால் அதுவே போதும்.”

“மனை மட்டும் போதுங்களா?”

“மனை மட்டும் போதும். அதற்கு மேல் ஒரு துரும்பும் கேளோம்.”

“அட, இதுக்கா ஐயா இவ்ளோ தயங்குனீங்க! என்னமோ ஏதோன்னு நான்கூட பேஜாராயிட்டேன். தாராளமா செஞ்சிடலாம். கெழக்கு பாத்ததுதானே ஐயாவுக்கு?”

“ஆம், கிழக்கு நோக்கியதுதான்” என்றார் தலைவர், கண்களைத் துடைத்துக்கொண்டு. வீட்டின் வாயில் கிழக்கு நோக்கியதை அவர் நினைவு வைத்திருக்கிறாரே என்று நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம்.

பேரன் எழுந்து முற்றத்தைச் சுற்றிவந்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். கூரையின் உத்திரங்களை அண்ணாந்து நோக்கி, “பர்மா தேக்கு, இல்லீங்களா? இத நான் பாத்துக்கறேன். நீங்க கவலையே படாதீங்க” என்றார். பழுது பார்த்துத் தரப்போகிறார் என்று நான் எண்ணினேன். மாடிப்படிக்கு ஒரு கைப்பிடியும் கேட்கலாமா என்று தலைவர் என் காதில் கேட்டார். இப்போது வேண்டா, பேராசையாகத் தோன்றும் என்றேன்.

அடுத்த மாதம் பாராட்டுக் கூட்டம் வைத்தோம். நெடுநாள் வராதிருந்த உறுப்பினர்களும் வந்தனர். முற்றம் பாதி நிறைந்தது. தலைவர் பேரனுக்கு மாலை சூட்டி, மனை ஈந்த வள்ளல் என்று ஒரு வெண்பாவும் பாடினார். பேரனுக்கு நாணம். நான்கு கடை தள்ளி வாங்கிய வடைகள் நல்ல வெளிச்சத்திலேயே தீர்ந்தன. அப்போது பொருளாளர் என்னருகில் நகர்ந்து வந்தார்.

“வாத்தியாரே, வூட்ட எழுதித் தர்றேன்னு அவரு வாயால சொன்னாரா?”

“மனையை எழுதித் தருவதாகச் சொன்னார்.”

“வூடுன்னு சொன்னாரா, மனைன்னு சொன்னாரா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்குள் பேரன் எழுந்து தலைவரின் கையைப் பற்றினார். “வாங்க ஐயா, கார் நிக்குது. மனைய ஒரு எட்டு பாத்துட்டு வந்திடலாம்.”

“அமர்ந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோமே தம்பி!” என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தோம். பேரனும் சிரித்தார். பிறகு மறுபடியும், “வாங்க ஐயா, வெயில் எறங்கறதுக்குள்ள போயிடலாம்” என்றார்.

பொருளாளரும் நானும் உடன் ஏறினோம். செஞ்சிச் சாலையில் ஊரைத் தாண்டி, பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி, ஒரு மண்பாதையில் வண்டி திரும்பியது. சிமெண்டு வளைவு ஒன்று. அதனுள் மஞ்சள் பூசிய கற்கள் வரிசை வரிசையாக. கயிறுகளில் நெகிழிக் கொடிகள். முன்னர் அது மல்லாட்டைக் கொல்லை. பேரன் ஒரு கல்லருகே நிறுத்தி, கதவைத் திறந்து, தலைவரைத் தாங்கி இறக்கினார்.

“இதாங்க மனை. கெழக்கு பாத்தது. ரோட்டு மேல வரும். மத்தவங்களுக்கு இத குடுக்கல, கழகத்துக்குன்னு ஒதுக்கி வெச்சேன்.”

தலைவர் கைத்தடியை ஊன்றிச் சுற்றிலும் பார்த்தார். “இது யாருடைய நிலம்?”

“உங்களுதுதாங்க.”

“தம்பி, நாங்கள் கேட்டது மனை.”

“மனைதாங்க இது.”

“மனை என்றால் வீடு. நாம் அமர்ந்திருந்தோமே, அது மனை.”

பேரன் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் கண்டேன். ஆகவே ஏமாற்றினார் என்று சொல்வோரை நான் ஏற்கேன். “ஐயா, வீடுன்னா வீடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! மனை மட்டும் போதுமான்னு கேட்டேனே. மனை மட்டும் போதும்னீங்களே!”

“மருத்துவமனை என்கிறோம். அது வெறும் நிலமா? மனைவி என்கிறோம். அவள் வெறும் நிலத்துக்கு உரியவளா?” தலைவரின் குரல் உயர்ந்தது. வெயிலில், கொடிகள் படபடக்க, கேட்போர் யாருமற்ற அந்தப் பொட்டலில் அவர் சொல்லின் வேரை விளக்கத் தொடங்கினார். மன்னுதல் என்றார். நிலைபெறுதல் என்றார். பேரன் தலை குனிந்து முழுவதும் கேட்டார்.

“நீங்க சொல்றது கரெக்டாத்தான் இருக்குங்க ஐயா. நான் அவ்ளோ படிக்கல. ஆனா அந்த எடத்த துணிக்கடைக்காரங்களுக்குப் பேசி கையெழுத்து போட்டாச்சு. மரத்த எல்லாம் கடலோரம் பொம்மையார்பாளையத்துல கெஸ்ட் ஹவுஸ் கட்றவரு எடுத்துக்கறாரு. நீங்க சரின்னு சொன்னப்பறம்தான் செஞ்சேன். தாத்தா மேல சத்தியம்.”

பொருளாளர் தலைவரின் முழங்கையைப் பற்றினார். “வாங்க தலைவரே, போவலாம். கால் வலிக்கும்.” வழி முழுவதும் அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. அவர் செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எங்களைத் திட்டியாவது இருக்கலாம்.

முயன்றோம். பேரனும் முயன்றார் என்றே நம்புகிறேன்; துணிக்கடையார் இசையவில்லை. எங்களுக்காக எழுந்து நிற்க ஊரில் ஒருவரும் இல்லை. வருவாய்த் துறை அலுவலர் ஒருவரைக் கண்டோம். அவர் கனிவாகக் கேட்டார். “நீங்க வாடகைக்கு இருந்தீங்களா, கிரயமா?” என்றார். இரண்டும் இல்லை என்றோம். “அப்ப எந்தக் கணக்குல அங்க இருந்தீங்க?” என்றார்.

வீட்டைப் பிரித்த வாரத்தில் நான் போயிருந்தேன். தலைவரும் வந்திருந்தார். இடிக்கவில்லை, எண்ணிட்டுப் பிரித்தனர். மறுபடி பொருத்த வேண்டுமல்லவா? ஒவ்வொரு மரத்திலும் சுண்ணக்கட்டியால் குறியிட்ட தொழிலாளி, தூணின் தலையில் இருந்த செதுக்கலைக் காட்டித் தலைவரைக் கேட்டார்: “பெரியவரே, இதுக்கு இன்னா பேருங்க?”

“போதிகை.”

அவர் ‘போதிக’ என்று எழுதினார். தலைவர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, சுண்ணக்கட்டியை வாங்கி, ககரத்தின் முன்னே ஐகாரக் குறியைச் சேர்த்தார். அடுத்ததையும் திருத்தினார். எல்லாவற்றையும் திருத்தும்வரை அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தனர். பிறகு பாரவண்டியில் ஏற்றினர்.

நூல்களைச் சாக்குகளில் கட்டிப் பொருளாளர் வீட்டு மாடிப்படியின் கீழ் வைத்தோம். நிலம் ஆவணப்பதிவு ஆயிற்று. பதிவு அலுவலகத்தில் எழுத்தர் ‘காலி மனை’ என்று உரக்கப் படித்தபோது நான் தலைவரைப் பார்த்தேன். அவர் திருத்தவில்லை. எங்கே கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அந்நிலத்தில் ஒரே ஒரு கூட்டம் நடத்தினோம். வாடகை நாற்காலிகளைப் பங்கு ஆட்டோவில், அதாவது ஷேர் ஆட்டோவில், ஏற்றிச் சென்றோம். காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தது. பாடலின் முதல் அடியைத் தலைவர் படித்தார். சாலையில் சென்ற பாரவண்டியின் ஒலிப்பானில் அது மூழ்கிற்று. மீண்டும் படித்தார். பிறகு நூலை மூடிவிட்டு, “போகலாம்” என்றார். நிழல் என்று சொல்ல அந்த மஞ்சள் கல்லின் நிழலைத் தவிர வேறில்லை. அதற்குப் பின் கூட்டம் இல்லை.

பொருளாளர் ஒரு திருமணத்துக்காகப் பொம்மையார்பாளையம் போய் வந்தார். தொலைபேசியில் அழைத்தார். “நம்ம தூணுங்க அங்க நிக்குதுங்க வாத்தியாரே. பாலீசு போட்டு ஷோக்கா வெச்சிருக்கறாங்க. லைட்டு போட்டுக்கினு, ராத்திரில மீன வறுத்துத் துன்னுக்கினு இருக்கறாங்க.” சிரிக்க முயன்றார். “தலைவருகிட்ட சொல்லிடாதீங்க.” நான் சொல்லவில்லை.

சென்ற மாதம் தலைவரைக் காணப் போனேன். மகள் வீட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தெருமுனைவரைகூட இப்போது அவர் நடப்பதில்லை. பாடலைப் பற்றிப் பேச்செடுத்தேன், அவர் தொடரவில்லை. “அந்தப் பிளாட்டை விற்றுவிடலாமா?” என்றார். அவர் வாயில் அச்சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. “மனையை” என்றேன். “ஆமாம், பிளாட்டைத்தான்” என்றார். மகள் தேநீர் கொண்டுவந்தார். வெளியே இருட்டிவிட்டிருந்தது, தலைவர் வாங்கிக் குடித்தார்.

நடந்தது இவ்வளவே. என் நினைவில் பிழைகள் இருக்கலாம். தூண்கள் அனைத்தும் தேக்குதானா, சில பலாவா என்பதில் எனக்குத் தெளிவில்லை. அன்று பேரன் ‘பாத்துக்கறேன்’ என்றாரா, ‘பாத்துக்கலாம்’ என்றாரா என்பதையும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அதில் வேறுபாடு உண்டு என்பதால் குறிப்பிடுகிறேன். கண்ணாடிகளின் நிறத்தையும் பெயர்ப்பலகை ஏறிய காலத்தையும் என்னினும் நன்கறிந்தோர் இருக்கக்கூடும். அவ்வீட்டில் ஒருமுறையேனும் அமர்ந்தவர்கள் இதில் பிழை காணின் பொறுத்துக்கொள்ளாது திருத்தி எழுத வேண்டுகிறேன். இது வெளியாகும் இதழின் ஆசிரியர்க்கு அனுப்பினால் என்னிடம் வந்து சேரும். கழகத்துக்கு எழுத வேண்டா; அஞ்சல்காரர் தட்டுவதற்கு அங்கே கதவு இல்லை.